உடம்பில் நீர் பிடிக்கும் சர்க்கரைச் சங்கிலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் செவிலியர் படிப்பு மாணவிகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் உயிர்வேதியியல் எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவிகள், மஞ்சக்குப்பத்து அக்கம்பக்கத்தார், புதுச்சேரிச் சொந்தக்காரர்கள் என்று யாராவது மருந்துச் சீட்டோடு வந்து நிற்பார்கள். முட்டி வலி மாத்திரை, வயிற்றில் போடும் ஊசி, டெங்கு, கண் ஆபரேஷன் என்று கேள்வி எங்கெங்கோ போனாலும் பதில் பல நேரம் ஒரே பொருளில் வந்து நிற்கும். அந்தப் பதில்களைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்தையும் ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் மருத்துவர் சொல்படிதான்.

டீச்சர், கிளைக்கோசமினோகிளைக்கன், புரோட்டியோகிளைக்கன் என்கிறார்கள். பெயரே வாயில் நுழையவில்லை. இது என்ன?

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, சர்பத்துக்குப் போடும் சப்ஜா விதை ஒரு ஸ்பூன் போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கறுப்பு விதையைச் சுற்றியும் பளிங்கு போல ஓர் உறை வந்திருக்கும். தொட்டால் வழுக்கும், அமுக்கினால் எழும்பி வரும். விதையின் மேல்தோலில் உள்ள நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டதால் வந்த உறை அது.

நம் உடம்பிலும் இதே வேலையைச் செய்யும் சங்கிலிகள் உண்டு. இரண்டிரண்டு சர்க்கரையாக மாற்றி மாற்றிக் கோத்த நீளச் சங்கிலி. அதன் மேல் வரிசையாக எதிர்மின் ஏற்றம். அந்த ஏற்றம் சோடியத்தை இழுக்கும், சோடியத்தின் பின்னால் தண்ணீர் வரும். இதுதான் கிளைக்கோசமினோகிளைக்கன். ஹயலூரோனிக் அமிலம், காண்ட்ராய்டின் சல்ஃபேட், டெர்மட்டான் சல்ஃபேட், கெரட்டான் சல்ஃபேட், ஹெப்பரான் சல்ஃபேட், ஹெப்பாரின் எல்லாம் இந்தக் குடும்பம். பழைய புத்தகங்களில் மியூகோபாலிசாக்கரைடு என்று இருக்கும்.

இந்தச் சங்கிலிகள் ஒரு புரதத் தண்டில் வரிசையாகக் குத்தி நின்றால் அது புரோட்டியோகிளைக்கன். பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுக் கம்பி புரதம், மயிர்கள் சர்க்கரை. ஹயலூரோனிக் அமிலம் மட்டும் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும். எழுபது கிலோ மனிதரின் உடம்பில் அது ஏறக்குறைய 15 கிராம்தான் இருக்கிறது. அதிலும் மூன்றில் ஒரு பங்கு தினமும் உடைந்து புதிதாக உருவாகிறது. இந்த உடைப்பு வேலையை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அதற்கு வருகிறேன்.

அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது என்கிறார்கள். எது தேய்ந்தது?

எலும்பின் முனையில் மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதன் எடையில் பெரும் பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகேன் என்ற புரோட்டியோகிளைக்கன். ஒரு தண்டில் நூறு போலக் காண்ட்ராய்டின் சங்கிலிகள். கால் ஊன்றும்போது தண்ணீர் பிதுங்கி வெளியே போகும், காலை எடுத்ததும் சங்கிலிகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. இந்தப் பிதுக்கலும் இழுப்பும்தான் அதற்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழி.

மூட்டு தேய்மான நோயில் சில என்சைம்கள் அளவு மீறி வேலை செய்து அக்ரிகேன் தண்டையே வெட்டுகின்றன. பிரஷ் துண்டாகிக் கழன்று போகிறது, தண்ணீர் நிற்பதில்லை, மெத்தை மெலிகிறது.

முதுகெலும்பு வட்டுகளிலும் (டிஸ்க்) இதே ஏற்பாடுதான். காலையில் எழுந்ததும் உங்கள் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு அளந்து, இரவு மறுபடி அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் போலக் குறைந்திருக்கும். பகலெல்லாம் நின்றதில் பிதுங்கிய தண்ணீர், இரவு படுத்ததும் திரும்ப ஏறிவிடும்.

அப்படியென்றால் காண்ட்ராய்டின், குளுக்கோசமைன் மாத்திரை சாப்பிட்டால் குருத்தெலும்பு வளருமா? மாதா மாதம் ஆயிரக்கணக்கில் போகிறது.

வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கேட்டதும் முகம் வாடிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஓய்வூதியத்தில் இதற்கு ஒரு பங்கை ஒதுக்குகிறவர்களிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் 1,583 முட்டி வலிக்காரர்களை வைத்து 24 வாரம் நடத்திய பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. குளுக்கோசமைன், காண்ட்ராய்டின், இரண்டும் சேர்த்து, ஒரு வலி மாத்திரை, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று ஐந்து பிரிவு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு அறுபது பேருக்கு வலி குறைந்தது. குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் தனித்தனியாகவோ சேர்ந்தோ அதைத் தெளிவாகத் தாண்டவில்லை. கடுமையான வலி இருந்த ஒரு சிறு பிரிவில் மட்டும் சேர்த்துச் சாப்பிட்டதில் கொஞ்சம் நன்மை தெரிந்தது. அதை வைத்து எல்லோருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்த்து உங்களுக்கு வலி குறைந்தால், மருத்துவரும் சரி என்றால், தொடருங்கள். பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் சொல்லாமல் தொடக் கூடாது, ரத்தக் கசிவு கூடலாம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குளுக்கோசமைன் பெரும்பாலும் அவற்றின் ஓட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அம்மாவுக்கு நான் சொன்னது நடை. குருத்தெலும்புக்குச் சாப்பாடு போகும் வழியை மேலே சொன்னேன் அல்லவா? தொடைத் தசைக்குப் பயிற்சி, சமதளத்தில் நடை, எடைக் குறைப்பு. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் கால் புதைய நடக்க வேண்டாம், முட்டி திருகும். புதுச்சேரியில் இருந்தால் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலை வயதானவர்களுக்கு அருமையான இடம்.

ஆட்டுக்கால் பாயா, சுறாப் புட்டு சாப்பிட்டால்?

நன்றாகச் சாப்பிடுங்கள். சுறாவுக்கு எலும்பே கிடையாது, முழுக்கக் குருத்தெலும்புதான், அதில் காண்ட்ராய்டின் நிறைய. ஆனால் வயிற்றுக்குள் போனது அப்படியே முட்டிக்கு நடந்து போகாது. பெரும்பகுதியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுக்கும் நம் ஊர் வழக்கம் புரதத்துக்கு நல்லது. சுறாக் குருத்தெலும்புப் பொடி புற்றுநோயைக் குணமாக்கும் என்று விற்பவர்களிடம் மட்டும் ஏமாறாதீர்கள். முறையாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், பலன் இல்லை.

முட்டிக்குள் 'ஜெல் ஊசி' போட்டுக்கொள்ளலாமா?

அது ஹயலூரோனிக் அமிலம். 2022இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெற்று ஊசியை விட வலி மிகச் சிறிதளவே குறைந்தது, நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்று வந்தது. கடுமையான பக்க விளைவுகளும் கொஞ்சம் கூடின. வீட்டில் யாராவது கேட்டால் அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அதே ஹயலூரோனிக் அமிலம் கண்ணில் அற்புதமாக வேலை செய்கிறது. 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் இதை முதலில் பிரித்தெடுத்ததே மாட்டுக் கண்ணிலிருந்துதான். கண்புரை ஆபரேஷனில் மென்மையான உள்பகுதி உரசிக் காயப்படாமல் இடத்தைத் தாங்கிப் பிடிக்க இதுபோன்ற பசை தேவை. தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கடலூர் பஸ்ஸில் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறார்களே, அந்த வகை சிகிச்சைக்கு இந்தப் பசைகள் பெரிய துணை. சில இடங்களில் விலை குறைந்த செல்லுலோஸ் பசை பயன்படும். கண் வறட்சிக்கான சொட்டு மருந்திலும் ஹயலூரோனிக் அமிலம் இருக்கிறது. முகத்துக்குப் பூசும் கிரீமில் இருப்பது மேல்தோலை ஈரமாக வைக்கும், அவ்வளவுதான்.

அண்ணிக்கு ஆறாவது மாதம். தினமும் வயிற்றில் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு ஆகாதே?

அது பெரும்பாலும் எனாக்ஸபாரின், ஹெப்பாரினின் சிறிய வடிவம். பயப்படாதீர்கள். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. வார்ஃபரின் தாண்டும். அதனால்தான் ரத்தம் உறையும் ஆபத்துள்ள கர்ப்பிணிகளுக்கு மாத்திரைக்குப் பதில் ஊசி. ஊசியாகவே போட வேண்டியதற்குக் காரணம், வாய்வழி கொடுத்தால் இவ்வளவு மின்னேற்றமுள்ள பெரிய மூலக்கூறு குடலைத் தாண்டாது.

ஹெப்பாரின் கதை 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொடங்குகிறது. ஜே மெக்லீன் என்ற மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடினார். உறையாமல் தடுக்கும் பொருள் கிடைத்தது. அவருடைய ஆசிரியர் ஹோவெல் அதே வழியில் தொடர்ந்து, கல்லீரலிலிருந்து கிடைத்ததால் ஹெப்பாரின் என்று பெயர் வைத்தார். நம் ரத்தத்திலேயே ஆன்டித்ராம்பின் என்ற காவல்காரர் இருக்கிறார். ஹெப்பாரின் சங்கிலியில் ஐந்தே சர்க்கரை கொண்ட ஒரு குறிப்பிட்ட துண்டு அவரைப் பிடித்து உலுக்கி எழுப்பிவிடும். பிறகு உறைதல் காரணிகள் மடமடவென்று அடங்கும். டயாலிசிஸ் குழாயில் ரத்தம் உறையாமல் ஓடுவதும் பெரும்பாலும் இதனால்தான். இந்தக் குடும்பத்தில் மருந்தாகத் தன்னை முழுமையாக நிரூபித்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் ஹெப்பாரின் என்பேன்.

ஊசி போடும்போது: தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலை மடிப்பாகப் பிடித்து, நேராகக் குத்துங்கள். நிரப்பி வரும் சிரிஞ்சில் இருக்கும் காற்றுக் குமிழை வெளியே தள்ள வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நீலம் பாயும். தினமும் இடம் மாற்றுங்கள். ஆரம்பித்து ஐந்து முதல் பத்து நாளுக்குள் பிளேட்லெட் திடீரென்று இறங்குவது அரிதாக நடக்கும். மருத்துவர் இடையில் ரத்தப் பரிசோதனை எழுதினால் தவறவிடாதீர்கள். பிரசவ வலி எடுத்தால் கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பதை முதலில் சொல்லுங்கள். முதுகில் போடும் மயக்க ஊசிக்கு அந்த நேரம் தெரிந்தாக வேண்டும்.

ஹெப்பாரின் பன்றியிலிருந்து எடுப்பதா? எங்கள் வீட்டில் அத்தா போட மறுக்கிறார்.

ஆம், இன்று பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து. இதை மறைக்காமல் சொல்வதுதான் மரியாதை. அந்த ஐந்து சர்க்கரைத் துண்டை மட்டும் ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த ஃபோண்டாபாரினக்ஸ் என்ற மருந்து இருக்கிறது. எல்லா நிலைமைக்கும் அது பொருந்தாது, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் குறிப்பாக. மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். உயிர் காக்க வேறு வழியில்லாதபோது அனுமதி உண்டு என்று சொல்லும் மார்க்க அறிஞர்கள் பலர். உங்கள் ஜமாஅத்தில் நம்பிக்கையானவரிடம் அத்தாவைப் பேச வையுங்கள். நெஞ்சு வலி வந்த நேரத்தில் மட்டும் இந்தப் பேச்சில் நிமிடங்களை இழக்க வேண்டாம்.

ஹெப்பாரினில் கலப்படம் என்று படித்தேனே?

உண்மை. 2007 கடைசியிலும் 2008இலும் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் சரிந்தது, பலர் இறந்தார்கள். மூலப்பொருளில் அதிக சல்ஃபேட் ஏற்றிய காண்ட்ராய்டின் கலந்திருந்தது. ஹெப்பாரின் போலவே நடித்ததால் அன்றைய சோதனைகளில் தப்பிவிட்டது. அதன் பிறகு மருந்துத் தரநூல்களில் சோதனை முறைகளையே மாற்றினார்கள்.

டெங்குவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மழைக்காலத்தில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி டெங்கு பற்றியதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ரத்தக் குழாய்களின் உட்சுவரில், ரத்தம் படும் பக்கம், இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மெல்லிய பாசிப் படலம் ஒன்று இருக்கிறது. கிளைகோகேலிக்ஸ் என்பார்கள். அதில் ஹெப்பரான் சல்ஃபேட்டும் ஹயலூரோனிக் அமிலமும் நிறைய. தண்ணீரும் புரதமும் குழாயை விட்டுக் கசியாமல் காப்பது அது. டெங்கு வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகளில் ஹெப்பரான் சல்ஃபேட்டும் ஒன்று. அதோடு நிற்பதில்லை. வைரஸால் ரத்தத்தில் கொட்டப்படும் என்.எஸ்.1 என்ற புரதம், நம் செல்களில் உள்ள என்சைம்களையே தூண்டிவிட்டு அந்தப் படலத்தை வெட்ட வைக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆமாம், ஆய்வகத்தில் டெங்கு பார்க்க முதல் நாட்களில் எடுக்கும் அதே என்.எஸ்.1தான். படலம் கிழிந்தால் ரத்தத்தின் நீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசியும், குழாயில் ரத்தம் கெட்டியாகும்.

எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே பிடித்துக்கொண்டு பப்பாளி இலைச் சாறுக்கு அலைகிறார்கள். கசிவு நடப்பது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். 'காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை தூங்குகிறான்' என்று நிம்மதியாக இருக்கும் அந்த நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பிளேட்லெட்டுக்கு மேலே பி.சி.வி. அல்லது ஹிமடோகிரிட் என்று ஓர் எண் இருக்கும். அது ஏறுகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சில்லிட்ட கை கால், சிறுநீர் குறைவு, சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம்.

பாம்பு விஷத்திலும் இது வருகிறதாமே?

வருகிறது. பல பாம்புகளின் விஷத்தில் ஹயலூரோனிடேஸ் என்ற என்சைம் இருக்கிறது. திசுக்களுக்கு நடுவே இருக்கும் ஹயலூரோனிக் அமிலப் பசையை அது கரைத்து, மற்ற நச்சுகள் பரவ வழி திறக்கும். கண் ஆபரேஷனுக்கு முன் மரத்துப்போகப் போடும் ஊசி மருந்தில், அது சீராகப் பரவட்டும் என்று இதே என்சைமைச் சேர்ப்பதும் உண்டு. வயலிலோ முந்திரித் தோப்பிலோ கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தைகளுக்கு இந்தச் சங்கிலிகளால் பரம்பரை நோய் வரும் என்றீர்களே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காக.

பழைய சங்கிலிகளை உடைத்து அப்புறப்படுத்த செல்லுக்குள் வரிசையாக என்சைம்கள் இருக்கின்றன. அதில் ஒன்று பிறவியிலேயே இல்லையென்றால் உடைபடாத சங்கிலிகள் கல்லீரலிலும் எலும்பிலும் இதய வால்விலும் மூளையிலும் குவிந்துகொண்டே போகும். மியூகோபாலிசாக்கரிடோசிஸ், சுருக்கமாக எம்.பி.எஸ். எந்த என்சைம் இல்லை என்பதைப் பொறுத்து ஹர்லர், ஹன்டர், சான்ஃபிலிப்போ, மார்க்கியோ என்று வகைகள்.

எங்கள் தெருவில் ஒரு பையன். ஒன்பது மாதத்தில் தொப்புள் பிதுங்கியது, தானாகச் சரியாகும் என்றார்கள். ஒன்றரை வயதுக்குள் நாலு முறை காதில் சீழ், ஒவ்வொரு முறையும் மருந்து. தூக்கத்தில் பெரியவர்போலக் குறட்டை. இடுப்புக்கு மேலே முதுகு சற்றுக் கூன், உட்காரும் விதம் சரியில்லை என்றார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகத்தான் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை. நானும்தான். இருபது வருடம் இந்த நோயைக் கரும்பலகையில் எழுதியவள், தினமும் வாசலில் அவனைப் பார்த்தேன். நாலு வயதில் ஒருநாள் கையில் முறுக்கு கொடுத்தேன். பிடிக்க வராமல் கீழே விழுந்தது. அவன் விரல்களை என் உள்ளங்கையில் வைத்து மெதுவாக நீட்டிப் பார்த்தேன், நுனி விரல்கள் கொக்கிபோல மடங்கியே நின்றன. அன்றுதான் உறைத்தது. பரிசோதனை ஹர்லர் என்று சொன்னது. அந்த வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினால் மூளையைக் காக்க முடியும், ஆனால் இரண்டு, இரண்டரை வயதுக்குள் செய்தால்தான் முழுப் பலன்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குடலிறக்கம், அடிக்கடி காதுச் சீழ், குறட்டை, பெருத்த வயிறு, முதுகுக் கூன், விரைத்த விரல், கருவிழி மங்கல், நாளாக ஆகத் தடித்துவரும் முகம்: இவற்றில் இரண்டு மூன்று ஒரே குழந்தையிடம் இருந்தால் 'எம்.பி.எஸ். இருக்குமா' என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். சான்ஃபிலிப்போ வகையில் முகம் அவ்வளவு மாறாது. பேசிய பேச்சு மறையும், தூக்கம் கெடும், ஓயாத ஓட்டம். முதலில் ஆட்டிசம் என்று நினைத்துவிடுவது உண்டு.

மாமனையே கட்டியதால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் பேசுகிறார்கள். அப்படியா?

பெரும்பாலான வகைகளில் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் சொந்தம் இல்லாத தம்பதிக்கும் வரும். ஹன்டர் வகை அம்மா வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. பெற்றவளைக் குறை சொல்லி ஒரு பயனும் இல்லை, தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்துங்கள். அடுத்த பிள்ளைக்கு, இரு பக்கமும் பழுது உள்ள தம்பதி என்றால், ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளையின் மரபணுப் பரிசோதனை முடிவு கையில் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் மூன்றாம் மாதத்திலேயே சோதித்துச் சொல்ல முடியும். அந்த அறிக்கையைத் தொலைக்காதீர்கள்.

சிகிச்சை இருக்கிறதா? செலவு?

1968இல் எலிசபெத் நியூஃபெல்டின் ஆய்வகத்தில் ஹர்லர் குழந்தையின் செல்களையும் ஹன்டர் குழந்தையின் செல்களையும் ஒரே தட்டில் வளர்த்தார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று குணப்படுத்தின. ஒரு செல் வெளியே விட்ட என்சைமை அடுத்த செல் உள்ளே எடுத்துக்கொண்டது. அந்த அறிவிலிருந்துதான் இன்றைய என்சைம் ஊசிகள் பிறந்தன: ஹர்லருக்கு லாரோனிடேஸ் 2003இல், ஹன்டருக்கு இடர்சல்ஃபேஸ் 2006இல், மார்க்கியோவுக்கு எலோசல்ஃபேஸ் 2014இல். கல்லீரல் சுருங்கும், மூச்சும் நடையும் மேம்படும். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது என்பது குறை.

ஊசி வாழ்நாள் முழுக்க. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, வளர வளரச் செலவு ஏறும். 2021இல் வந்த தேசிய அரிய நோய்கள் கொள்கையின்படி, அங்கீகரித்த சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பல குடும்பங்களுக்கு அது விரைவில் தீர்ந்துவிடுகிறது. என்சைம் ஊசியை நிறுத்தினால் குவிப்பு மறுபடி தொடங்கும். வாழ்நாள் நோய்க்கு ஒரு தொகையை வரம்பாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, கேட்க வேண்டிய இடத்தில் நாம் எல்லோரும் கேட்க வேண்டும்.

முதலில் எங்கே போவது, என்ன எடுத்துப் போவது?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் கோரிமேடு ஜிப்மர் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டித் தொடங்கலாம். காலையிலேயே போய்விடுங்கள். முதலில் சிறுநீரில் இந்தச் சங்கிலிகளின் அளவு பார்ப்பார்கள், பிறகு ரத்தத்தில் என்சைம் அளவு, பிறகு மரபணு. சிறுநீர்ச் சோதனை சரியாக வந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் என்சைம் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள், சில வகைகள் சிறுநீரில் தப்பிவிடும்.

பழைய சீட்டுகள், ஆபரேஷன் விவரம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் தேதி வாரியாக அடுக்குங்கள். குழந்தையின் படங்களையும் எடுத்துப் போங்கள்: பிறந்தபோது, ஆறு மாதத்தில், முதல் பிறந்த நாளில், இரண்டாவது பிறந்த நாளில். தினமும் பார்க்கும் நம் கண்ணுக்குத் தெரியாத மாற்றம், அந்த நாலு படத்தை மேசையில் வரிசையாக வைத்தால் மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.